புழுவுக்கு வரும் நோய், பயிருக்குக் காவல்

சென்ற கார்த்திகை மாதத்தில் சங்கரன்கோவில் வட்டாரத்தில் நமது அங்கத்தினர் ஒருவரின் தக்காளித் தோட்டத்தைப் பார்க்கச் சென்றிருந்தோம். செடிகளின் நுனியில் கருத்துப்போன புழுக்கள் சில தலைகீழாய்த் தொங்கிக்கொண்டிருந்தன. "ஏதோ சீக்கு விழுந்திருக்குது ஐயா, நாளைக்கு மறுபடியும் மருந்து அடிக்கணும்" என்றார் அவர். அந்தப் போகத்தில் அவர் கடனுக்கு மருந்து வாங்கியது அதற்குள் மூன்று முறை. சீக்கு விழுந்தது செடிக்கன்று, புழுவுக்கே என்று கூறி, நான்கு நாள் பொறுக்கச் சொன்னோம். அவர் பொறுத்தார், புழுக்கள் மேலும் மடிந்தன, நான்காம் முறை மருந்துச் செலவு மிஞ்சியது.

மனிதருக்கு நோய் வருவதுபோலப் புழுக்களுக்கும் வருகிறது. இதனை உலகம் முதலில் அறிந்தது பட்டுப்புழுவினால்தான். 1835-ல் இத்தாலியரான பாஸி, பட்டுப்புழுவின் வெண்ணோய்க்கு ஒரு பூஞ்சணமே காரணம் என்று காட்டினார். 1901-ல் ஜப்பானில் இஷிவாட்டா, பட்டுப்புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவைக் கண்டார். 1911-ல் ஜெர்மனியில் பெர்லினர் மாவுப்பூச்சிப் புழுவில் அதையே கண்டு, 1915-ல் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று பெயரிட்டார். நெசவாளர் நூலுக்கு எமனாய் வந்த நோய்கள், தோட்டக்காரருக்குத் துணையாய் மாறின.

நாம் கண்டது வைரஸ் நோய். இலையோடு இதன் நுண்மணிகளை உண்ட புழுவின் குடலில் மேலுறை கரைந்து, வைரஸ் உடலெங்கும் பெருகுகிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் புழு செடியின் உச்சிக்கு ஏறி மடிகிறது. தோல் கிழிந்து வடியும் நீர் கீழுள்ள இலைகளில் படிய, அவற்றைத் தின்னும் புழுக்களையும் நோய் பற்றுகிறது. மனிதர், கால்நடை, தேனீ ஆகியவற்றிற்குத் தீங்கில்லை. ஆயின் பச்சைக் காய்ப்புழுவின் வைரஸ் வேறு, புரோடீனியாப் புழுவின் வைரஸ் வேறு. புழுவை அறிந்தே வாங்க வேண்டும்.

தக்காளிக் காய்ப்புழுவிற்கு ஏக்கருக்கு 100 புழு அளவு வைரஸ் கரைசல் போதும். ஒரு புழு அளவு என்பது 600 கோடி நுண்மணிகள். கரைசலுடன் 1 கிலோ நாட்டுச் சர்க்கரை சேர்த்தால் புழுக்கள் விரும்பி உண்ணும். வெயில் வைரஸை அழிக்குமாதலால் மாலையில் தெளிப்பதே முறை. இளம் புழுக்களுக்கே இது பலிக்கும். முதிர்ந்து காய்க்குள் புகுந்த புழுவைத் தொடாது. கத்தரிக் காய்ப்புழு பெரும்பாலும் தண்டிலும் காயிலும் ஒளிந்திருப்பதால், அதற்கு வாடிய நுனிகளையும் துளைபட்ட காய்களையும் கிள்ளி அழிப்பதே முதல் வேலை.

முட்டைக்கோசின் வைரமுதுகுப் பூச்சிக்கு மேற்சொன்ன பாக்டீரியா ஏற்றது. உண்ட சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்தி, ஓரிரு நாட்களில் மடியும். ஆனால் பட்டுப்புழுவையும் அது கொல்லும். மல்பெரித் தோட்டம் அருகிலிருந்தால் தெளிக்கலாகாது.

மருந்தே கதி என்று இருப்பதும் ஆபத்து. 1987-88-ல் ஆந்திரத்துப் பருத்தியில் பச்சைக் காய்ப்புழு வீரியமான மருந்துகளுக்கும் அடங்காமற்போய், விவசாயிகள் கடனில் மூழ்கியது நினைவிருக்க வேண்டிய பாடம். மேலும் கண்டபடி மருந்தடித்தால் புழுவைத் தேடி அழிக்கும் குளவிகளும் மாண்டுபோகின்றன.

ஆகவே அங்கத்தினர்கள் வாரம் இருமுறை இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கவும். தொங்கும் புழுக்களைக் கண்டால் உடனே மருந்துக் கடைக்கு ஓடாமல், வேளாண்மை விரிவாக்க அலுவலரிடம் காட்டவும். வைரஸ் கரைசலை வாங்கும்போது தயாரித்த தேதியைப் பார்த்து, நிழலில் குளிர்ச்சியாக வைக்கவும். அந்துப்பூச்சிக்கு வரப்பு தெரியாது; ஒருவர் தெளித்து அண்டை வயலார் சும்மா இருந்தால் பயன் பாதியே. பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்து சங்கத்தின் வழியே ஒரே நாளில் வாங்கி, ஒரே மாலையில் தெளித்தால், செலவும் குறையும், கடன் ஏடும் இலேசாகும்.