ஆழிக்குமரன் ஆனந்தன்: பாக்கு நீரிணையில் 51 மணித்தியாலம்

வடமராட்சிக் கரையில் பாக்கு நீரிணையைப் பார்த்தபடி இருக்கிறது வல்வெட்டித்துறை. அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை ஓட்டிச் சென்றவர்கள் அவ்வூர்க் கடலோடிகள். 1943இல் பிறந்த விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன் அந்த ஊரின் பிள்ளை. தொழிலால் சட்டத்தரணியான அவருக்கு மக்கள் வழங்கிய பெயர் ஆழிக்குமரன்.

கடல் நீச்சலில் அவருக்கு முன்னோடியும் அயலூரிலேயே இருந்தார். தொண்டைமானாறு மு. நவரத்தினசாமி 1954இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி, பாக்கு நீரிணையை முதலில் கடந்தவர் ஆனார்.

நெடுந்தூரக் கடல் நீச்சலுக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது ஃபிரீஸ்டைல்தான். உடலைக் குப்புற நீட்டி, கைகளை மாறி மாறி வீசி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மூச்செடுக்கும் முறை அது. குளத்தில் அதன் பயன் வேகம். கடலில் பலத்தைச் சிக்கனமாகச் செலவிடுவதே முக்கியம். பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. காற்று எழுந்தால் அலைகள் சட்டென்று குத்தாக எழும். நீரோட்டம் நீந்துபவரைத் திசைமாற்றி இழுக்கும். சொறிமுட்டைகள் உடலைச் சுடும்.

1971இல் ஆனந்தன் மன்னார்க் கரையிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அதே கடலில் திரும்பியும் வந்தார். இரு வழிக்கும் 51 மணித்தியாலங்கள் ஆயின. கடந்து முடித்தவருக்குக் கரையே பெரிய ஆறுதல். அந்தக் கரையைத் தொட்டதும் களைத்த உடலோடு மறுபடி கடலுக்குத் திரும்பியதில்தான் இச்சாதனையின் முழுப் பெருமையும் இருக்கிறது.

பின்னர் கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் பலமுறை ஏறியது. 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் 187 மணி 28 நிமிடம் நிறுத்தாமல் சைக்கிள் ஓட்டினார். 1980இல் ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். 1981இல் சென்னை மெரினாவின் அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணித்தியாலம் கால் ஊன்றாமல் நீரில் மிதந்தார். துறைகள் வேறானாலும் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை உறக்கத்தையும் வலியையும் வெல்லும் தாங்குதிறன்தான். நீச்சல்காரருக்கு அதைவிடப் பெரிய சொத்து இல்லை.

ஆங்கிலக் கால்வாய் அவருடைய அடுத்த இலக்கு. 1875இல் மத்தியூ வெப் முதலில் நீந்திக் கடந்த அந்தக் கடலின் குறுகிய அகலம் ஏறத்தாழ 33 கிலோமீற்றர். தலைமன்னார்–தனுஷ்கோடி இடைவெளியை ஒத்தது. ஆனால் நீர் முற்றிலும் வேறு. கோடையிலும் அது பெரும்பாலும் 15 முதல் 18 பாகை செல்சியஸ்தான். அங்கு நீந்துவோர் சாதாரண நீச்சலுடை மட்டுமே அணியலாம்; துணைப்படகைத் தொடவும் கூடாது. வெப்பக் கடலில் வளர்ந்த உடலுக்கு அந்தக் குளிர் கொடியது.

1984 ஆகஸ்ட் 6ஆம் திகதி, அக்கால்வாயைக் கடக்கும் முயற்சியில் ஆனந்தன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41. வல்வெட்டித்துறையில் இன்று ஒரு நீச்சல் தடாகம் அவர் பெயரில் இருக்கிறது.