கம்பி மலிவு, திரவம் செலவு: ட்ரிப்பர் வேப்பின் ஓராண்டுக் கணக்கு

ட்ரிப்பர் வேப் வைத்திருப்பவருக்கு ஓராண்டுக்குக் காயில் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) சுற்ற 5.2 மீட்டர் கம்பி போதும். அதே ஓராண்டில் அவர் அதில் சொட்டும் திரவம் ஏறக்குறைய 3 லிட்டர். வாங்கும்போது முதல் எண்தான் கண்ணில் படுகிறது. ஆண்டு முடிவில் இரண்டாவது எண்தான் பணத்தைக் கரைத்திருக்கிறது. பிரிட்டனில் 2026 அக்டோபர் 1 முதல் வேப் திரவத்தின் ஒவ்வொரு 10 மி.லி.க்கும் 2.20 பவுண்டு தீர்வை விதிக்கப்படுவதால், இந்தக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

கருவி

ஆர்.டி.ஏ. என்று சொல்லப்படும் ட்ரிப்பரில் தொட்டி கிடையாது. அடியில் டெக் எனும் உலோகத் தட்டு, காயிலின் கால்களைத் திருகிப் பிடிக்கும் தூண்கள், காற்றுத்துளையுள்ள மூடி, உச்சியில் வாய்க்குழல். அவ்வளவுதான். காயில் சுற்றுவதும் பஞ்சு நுழைப்பதும் பயன்படுத்துபவரின் வேலை. அகல்விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலப் பஞ்சு திரவத்தை இழுத்துக் காயிலுக்குக் கொடுக்கிறது. சில இழுப்புகளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து மீண்டும் சொட்டு விட வேண்டும்.

கம்பிக் கணக்கு

பரவலாகப் புழங்கும் காந்தல் ஏ1 கம்பியையே எடுத்துக்கொள்வோம். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உலோகக் கலவை இது. 24 கேஜ் கம்பியின் விட்டம் 0.511 மி.மீ.; மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 7.1 ஓம். 3 மி.மீ. தண்டில் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 11 மி.மீ. போகும். 7 சுற்றுக்கு 77 மி.மீ., இரண்டு கால்களுக்கும் 10 மி.மீ., ஆக 87 மி.மீ. ஒரு காயிலின் தடை 0.62 ஓம். இரண்டு காயிலை இணையாகப் பொருத்தினால் தடை பாதியாகி 0.31 ஓம் ஆகும்.

கால்களைத் திருகி முடுக்கியதும் நேராகப் பஞ்சு போட்டுவிடக் கூடாது. குறைந்த வாட்டில் பட்டனை விட்டுவிட்டு அழுத்த வேண்டும். காயில் நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் சீராகச் சிவக்க வேண்டும். ஓரிடம் மட்டும் முந்திக்கொண்டு பளிச்சென்று எரிந்தால் அங்கே சூடு குவிகிறது. பீங்கான் முனை இடுக்கியால் மெல்ல நெருக்கிச் சரிசெய்ய வேண்டும். பஞ்சு காயிலுக்குள் லேசான பிடிப்போடு நகர வேண்டும். இறுகினால் திரவம் ஏறாது. தளர்ந்தால் காயிலின் மேல்பக்கம் காய்ந்து, தொண்டையைப் பிடிக்கும் கருகல் வாடை வரும்.

வெட்டும்போது வீணாவதையும் சேர்த்து ஒரு காயிலுக்கு 100 மி.மீ., ஒரு ஜோடிக்கு 200 மி.மீ. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஆண்டுக்கு 26 ஜோடி, 5.2 மீட்டர். 10 மீட்டர் சுருள் 4 பவுண்டு என்று வைத்தால் ஆண்டுக் கம்பிச் செலவு 2.08 பவுண்டுதான்.

மின் கணக்கு

முழுதாகச் சார்ஜ் ஆன லித்தியம் அயன் பேட்டரி 4.2 வோல்ட் தரும். 0.31 ஓமில் அது 13.5 ஆம்பியர், 57 வாட். தொடர்ந்து 20 ஆம்பியர் தாங்கும் 18650 பேட்டரிக்கு இது அடக்கமான சுமை. 2,500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் 9 வாட்-மணி ஆற்றல் இருக்கும். 57 வாட்டில் அது 568 வினாடி, அதாவது 3 வினாடி இழுப்பாக 189. ஏட்டில் வரும் உச்சம் இது. வோல்ட் குறைந்ததும் சாதனம் நின்றுவிடும் என்பதால் கையில் கிடைப்பது குறைவு.

தடையை 0.1 ஓமுக்கு இறக்கினால் இதே பேட்டரியிடம் 42 ஆம்பியர் கேட்கிறோம். தாங்கும் அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். 20 ஆம்பியர் பேட்டரிக்குக் கீழ் எல்லை 0.21 ஓம், அதற்கும் மேலே இடைவெளி விட்டு நிற்பதுதான் பாதுகாப்பு. மின்சுற்றுப் பலகை உள்ள மாட் (பேட்டரி வைக்கும் உடற்பகுதி), தடையை அளந்து தவறான காயிலை மறுத்துவிடும். பலகையே இல்லாத மெக்கானிக்கல் மாட் எதையும் அளக்காது. அதிலும் ஹைப்ரிட் வகையில் ட்ரிப்பரின் நடு ஊசி நேரடியாகப் பேட்டரியைத் தொடும். அந்த ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்காவிட்டால் ஷார்ட் சர்க்யூட் நிச்சயம்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை ஊடகங்களில் வந்த இ-சிகரெட் தீ, வெடிப்பு நிகழ்வுகளை எண்ணியது: மொத்தம் 195. காயமடைந்தோர் 133, அவர்களில் கடுமையான காயம் 38 பேருக்கு. 61 நிகழ்வுகளில் சாதனமோ உதிரிப் பேட்டரியோ சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ இருந்தது. பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் போடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பெட்டி போதும். மலிவான பொருள் அது. வாங்காமல் விடக்கூடாத பொருளும் அதுவே.

திரவக் கணக்கு

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு புகையிலைப் பொருட்கள் ஆணையிலிருந்து வந்த பிரிட்டன் விதிகள், நிகோட்டின் உள்ள திரவத்தை 10 மி.லி. பாட்டிலுக்கும், செறிவை மி.லி.க்கு 20 மி.கி.க்கும் கட்டுப்படுத்துகின்றன. ட்ரிப்பர்காரர்கள் இதற்குள் ஒரு வழி கண்டார்கள். நிகோட்டின் இல்லாத 50 மி.லி. திரவத்தோடு 18 மி.கி. செறிவுள்ள 10 மி.லி. நிகோட்டின் பாட்டில் (ஷாட்) ஒன்றைக் கலப்பார்கள். 180 மி.கி. நிகோட்டின் 60 மி.லி.யில் பரவி, மி.லி.க்கு 3 மி.கி. ஆகிறது.

இந்தக் கட்டுரையின் மையக் கணக்கு இங்கேதான் இருக்கிறது. ட்ரிப்பரில் ஒரு நாளைக்கு 8 மி.லி. என்று வைப்போம், 3 மி.கி. வீதம் நிகோட்டின் 24 மி.கி. திரவக் குப்பியை அப்படியே மாற்றும் சிறிய பாட் சாதனத்தில் 20 மி.கி. திரவம் 1.2 மி.லி. போனாலும் நிகோட்டின் அதே 24 மி.கி.தான். சாதனத்துக்குள் போகும் நிகோட்டின் சமம்; திரவம் மட்டும் ஆறரை மடங்குக்கு மேல். கூடுதலாகப் போகும் 6.8 மி.லி. முழுவதும் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால், மணமூட்டி. அது புகைமேகத்துக்கான செலவு.

ஓராண்டுப் பேரேடு

கணக்குக்காக வைத்துக்கொண்ட விலைகள்: ட்ரிப்பர் திரவம் 60 மி.லி. 12 பவுண்டு, பாட் திரவம் 10 மி.லி. 4 பவுண்டு, பஞ்சு ஒரு முறைக்கு 5 பென்ஸ், இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றம், பாட் வாரத்துக்கு ஒன்று, 3 பவுண்டு. சாதனத்தின் விலை இதில் சேரவில்லை. வரி முழுவதும் விலையில் ஏறுவதாக வைத்து, 2.20 பவுண்டோடு 20 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் சேர்த்து 10 மி.லி.க்கு 2.64 பவுண்டு.

| இனம் | ட்ரிப்பர் | பாட் |
|---|---|---|
| திரவ அளவு | 2,920 மி.லி. | 438 மி.லி. |
| திரவ விலை | 584.00 | 175.20 |
| கம்பி, பஞ்சு / பாட் | 11.23 | 156.00 |
| வரிக்கு முன் | 595.23 | 331.20 |
| புதிய வரி | 770.88 | 115.63 |
| மொத்தம் (பவுண்டு) | 1,366.11 | 446.83 |

காயிலைத் தானே சுற்றுவதால் ட்ரிப்பர்காரர் 145 பவுண்டு மிச்சப்படுத்துகிறார். திரவத்தில் 409 பவுண்டு கூடுதலாகக் கொடுக்கிறார். வரி வந்ததும் இருவருக்கும் உள்ள இடைவெளி 264 பவுண்டிலிருந்து 919 பவுண்டாக விரிகிறது. காரணம் எளிது: இந்தத் தீர்வை நிகோட்டினை எடை போடவில்லை, திரவத்தை அளக்கிறது. நிகோட்டின் இல்லாத திரவத்துக்கும் அதே வீதம்தான்.

உடல் கணக்கு

புரொப்பிலீன் கிளைக்காலின் கொதிநிலை 188 டிகிரி செல்சியஸ், கிளிசரினுக்கு 290. பஞ்சில் ஈரம் இருக்கும்வரை திரவம் ஆவியாவதிலேயே சூடு செலவாகிறது. ஈரம் வற்றினால் காயிலின் வெப்பம் கட்டுமீறி, திரவம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடுகள் உருவாகின்றன. சொட்டும் முறையில் இந்த ஆபத்து கூடுவதைப் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தொட்டி இல்லாத கருவியில் ஈரத்தைக் கவனிப்பது முழுக்க மனிதர் பொறுப்பு.

இளையோர் இந்தப் பக்கம் வருவது எதற்காக என்பதற்கும் எண் இருக்கிறது. யேல் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் கனெடிகட் மாநில உயர்நிலைப் பள்ளிகளில் நடத்திய கணக்கெடுப்பு 2017-இல் வெளிவந்தது. இ-சிகரெட்டைத் தொட்டுப் பார்த்த 1,080 மாணவர்களில் 26.1 சதவீதத்தினர் சொட்டும் முறையையும் முயன்றிருந்தார்கள். அவர்களில் 63.5 சதவீதத்தினர் சொன்ன காரணம், அடர்த்தியான மேகம்.

இதுவரை சொன்ன விலையும் வரியும் பிரிட்டனுக்கு உரியவை; இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட் தயாரிப்பும் விற்பனையும் தடை. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கணக்கு சொல்வது

சிகரெட்டை விடுவதற்காக வேப் பிடித்தவர், தன் செலவை மி.லி.யில் எண்ணாமல் நிகோட்டின் மி.கி.யில் எண்ண வேண்டும். ஒரு நாளைய 24 மி.கி.யை, செறிவை மாற்றாமல், சில மாதங்களில் 18, 12, 6 என்று இறக்கிக்கொண்டே போனால், பணமும் வரியும் கூடவே இறங்கும். ட்ரிப்பரில் செறிவை மட்டும் குறைத்து, அதை ஈடுகட்ட மேலும் மேலும் சொட்டினால், நிகோட்டின் குறையாது, திரவச் செலவு மட்டும் ஏறும். புகைப்பழக்கமே இல்லாதவருக்கு இந்தப் பேரேட்டில் வரவுப் பத்தியே கிடையாது. 1,366 பவுண்டும் சுத்தச் செலவு.