ஆய்வு எழுதுவோம் – 17: பட்டியலில் யார் பெயர்?

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் விளையும் சாமையைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். களப்பணி, அட்டவணை, வரைபடம் எல்லாம் தயார். மிச்சம் இருப்பது ரெஃபரன்ஸ் பட்டியல். பெரும்பாலான மாணவர்கள் இதைக் கடைசி இரவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். கைடும் “ஜர்னல் ஃபார்மட்டுக்கு மாத்தி அனுப்பிடு” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். போன வாரம் அட்டவணைகளைப் பார்த்தோம். இந்த வாரம் முழுவதையும் இந்தப் பட்டியலுக்கே ஒதுக்குகிறேன். நாம் யாரிடம் என்ன கற்றோம் என்று கட்டுரையில் பெயர் சொல்லி எழுதும் இடம் அதுதான்.

வடிவத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஆய்விதழ்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைக் கேட்கும். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் வரிக்குள்ளேயே எழுதுவது ஒன்று. ஹார்வர்டின் விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க் 1881இல் எழுதிய கட்டுரையிலிருந்து அந்த வழக்கம் தொடங்கியதாகச் சொல்வார்கள். வரியில் எண்ணை மட்டும் போட்டு, விவரத்தைக் கடைசியில் அடுக்குவது மற்றொன்று. 1978இல் கனடாவின் வான்கூவரில் மருத்துவ இதழ் ஆசிரியர்கள் கூடி வகுத்த முறை அந்த ஊரின் பெயரையே பெற்றது. இதழ் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுங்கள். ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருள் ஒன்றை மற்றொன்றாக நொடியில் மாற்றித் தரும். ஆனால் நீங்கள் உள்ளிட்ட பெயரோ ஆண்டோ தப்பாக இருந்தால் அது திருத்தாது. அந்தத் தப்பையே அழகாக அடுக்கிக் கொடுக்கும்.

கொல்லிமலைச் சிறுதானியங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பார்க்கவேண்டிய கட்டுரை ஒன்று 2009இல் ‘ஃபுட் பாலிசி’ இதழின் 34ஆம் தொகுதியில், 39 முதல் 45 வரையான பக்கங்களில் வந்தது. இந்த மலை விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து சிறுதானியத்தைச் சந்தைப்படுத்தியது பற்றியது. எழுதியவர்கள் மூவர்: க்ரூயேர், நாகராஜன், கிங். ஆசிரியர்-ஆண்டு முறையில் வரிக்குள் இது ‘க்ரூயேர் மற்றும் பலர், 2009’ என்று சுருங்கிவிடும். மூன்றாமவரான ஆலிவர் கிங், இந்த மலையில் நெடுங்காலம் வேலை செய்துவரும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர். வரியில் மறைந்த அவர் பெயரைப் பின்னிணைந்த பட்டியல்தான் காப்பாற்றித் தருகிறது. அதனால் பட்டியலில் எல்லாப் பெயர்களையும் எழுத இதழ் இடம் கொடுத்தால், ஒன்றைக்கூட விடாதீர்கள்.

தமிழ்ப் பெயர்களுக்கு இங்கே தனிச் சங்கடம் உண்டு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஊர் பெயரும் அப்பா பெயரும் தலைப்பெழுத்தாக முன்னால் நிற்கும். மாங்கொம்பு சாம்பசிவன் சுவாமிநாதன் என்ற பெயரில் அவருடைய சொந்தப் பெயர் கடைசியில் இருந்ததால் உலகம் அவரைச் சரியாகவே ‘சுவாமிநாதன், எம்.எஸ்.’ என்று பதிந்தது. ஆனால் இன்றைய பிள்ளைகள் பாஸ்போர்ட்டுக்காகத் தலைப்பெழுத்தை விரித்து அப்பா பெயரைப் பின்னால் போட்டுக்கொள்கிறார்கள். கோவிந்தனின் மகள் முத்துலட்சுமி, ‘முத்துலட்சுமி கோவிந்தன்’ என்று முதல் கட்டுரையை அனுப்பினால், உலகம் அதைக் கோவிந்தன் எழுதியதாகவே காலமெல்லாம் காட்டும். அடுத்த கட்டுரையை ‘ஜி. முத்துலட்சுமி’ என்று வெளியிட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவாள். இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் இந்தியப் பெயர்களை அட்டவணையில் எப்படிப் பதிவது என்று பல பத்தாண்டுகளுக்கு முன்பே விதி வகுத்தார். அவர் சீர்காழிக்காரர். வளப்பூர் நாட்டு அறப்பளீசுரர் மேல் சதகம் பாடிய அம்பலவாணக் கவிராயருக்கும் அதே ஊர்தான் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு பெயர் வடிவத்தை முடிவுசெய்து, 2012 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஆர்க்கிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாள எண்ணையும் வாங்கிவிடுங்கள். பெயர் எப்படித் திரிந்தாலும் அந்தப் பதினாறு இலக்கம் உங்களை விட்டுப் போகாது.

அறிவியல் தன் கடனைச் சொல்வதில் எவ்வளவு கறாராக இருக்கும் என்பதற்குக் கேழ்வரகின் பெயரே சாட்சி. ‘எலூசின் கொரகானா (எல்.) கேர்ட்ன்.’ என்று எழுதுகிறோம். அடைப்புக்குள் இருப்பவர் முதலில் பெயரிட்ட லின்னேயஸ். வெளியே இருப்பவர் அதை இன்றைய பேரினத்துக்கு மாற்றிய கேர்ட்னர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இருவரில் ஒருவரையும் விடக்கூடாது. நீங்கள் மலையில் சேகரித்த செடியை உலர்த்தித் திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) வைத்தால், அதற்கு ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணைக் கட்டுரையில் குறிப்பிடாவிட்டால் நல்ல இதழ்கள் திருப்பி அனுப்பும்.

இப்போது அந்தச் செடியை உங்களுக்குக் காட்டியவரை நினைத்துப் பாருங்கள். கட்டவெட்டிச் சாமை எது, மல்லியச் சாமை எது, திரிகுளச் சாமை எது என்று கதிரைக் கையில் வைத்துப் பிரித்துச் சொன்ன பாட்டியை. எந்த ரகம் எந்தக் காட்டுக்கு, எதை எப்போது விதைப்பது, விதையை எப்படிப் பாதுகாப்பது என்ற அறிவு அவரிடம் இருந்துதான் வந்தது. கட்டுரையில் அவர் ‘தகவலாளிகள்’ என்ற பன்மைக்குள் போய்விடுகிறார். பரவலாகப் பின்பற்றப்படும் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) விதிப்படி, நேரில் கேட்டது ‘தனிப்பட்ட தொடர்பு’. வரிக்குள் சொல்லலாம், பட்டியலில் சேர்க்கக் கூடாது. வாசகர் தேடிப்பிடித்துப் படிக்க முடியாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சந்தா கட்டாத கல்லூரி மாணவருக்கு வெளிநாட்டு ஜர்னல் கட்டுரையும்தான் எட்டாது. அதைப் பட்டியலில் இருந்து யாரும் நீக்குவதில்லையே.

கனடாவில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். க்ரீ பழங்குடியைச் சேர்ந்த நூலகர் லோரிசியா மக்லியாட் 2021இல் ‘கூலா’ என்ற ஆய்விதழில், பழங்குடி முதியோரின் வாய்மொழியைப் பட்டியலிலேயே மேற்கோளாகத் தருவதற்கான வார்ப்புருவை வெளியிட்டார். பெயர், சமூகம், அவர்கள் நிலம், வாழும் ஊர், பேசிய பொருள், நாள் ஆகியவை அதில் வரும். நமக்கு அதைப் பொருத்திக்கொள்வது எளிது: பெயர், மலையாளி பழங்குடி, ஊர், வளப்பூர் நாடு, கொல்லிமலை, நாமக்கல் மாவட்டம், சாமை விதைத் தேர்வு, நேர்ப்பேச்சு, நாள், மாதம், ஆண்டு. ‘மலையாளி’ என்று மட்டும் எழுதினால் வெளியூர் வாசகர் கேரளத்தவர் என்று எண்ணிவிடுவார். ‘பழங்குடி’ என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்.

ஆனால் கேட்காமல் யார் பெயரையும் போடாதீர்கள். கட்டுரை எங்கே போகும், யார் படிப்பார்கள், அந்த விதையைத் தேடி வெளியாட்கள் வரக்கூடும் என்பதையெல்லாம் அவருக்குப் புரியும்படி சொல்லிவிட்டுக் கேளுங்கள். “என் பேரு வேண்டாம் சாமி, ஊர் பேரு போடு” என்று ஒருவர் சொன்னால் ஊர் பெயரைப் போடுங்கள். வெளியே சொல்லக்கூடாத விஷயம் என்று அவர் கருதினால் கட்டுரையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

இதழ் மறுத்தால் என்ன செய்வது? முதலில் இதழாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் காரணத்தைச் சொல்லி, அந்த 2021 கட்டுரையையும் சுட்டுங்கள். அப்போதும் முடியாது என்றால், ஆய்வுமுறைப் பகுதியில் தகவல் சொன்னவர்கள் பெயரையும் ஊரையும் எந்தத் தகவல் யாருடையது என்பதையும் முழுதாக எழுதுங்கள். கட்டுரை அச்சானதும் ஒரு பிரதியோடு மலைக்குப் போய், அவர்கள் பெயர் வரும் பக்கத்தைத் தமிழில் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.