புனையா ஓவியமும் வண்ணப் புனைவும்

வண்ணம் தீட்டப்பெறாது, கோட்டினால் மட்டும் உருவங்காட்டி நிற்கும் ஓவியத்தைப் 'புனையா ஓவியம்' என்றனர் நம் முன்னோர். கணவனைப் பிரிந்து அணி துறந்திருந்த அரசமாதேவிக்கு அதனை உவமையாக்குகின்றது நெடுநல்வாடை. நம் வில்லாபுரத்திற்கு அணித்தேயுள்ள திருப்பரங்குன்றத்தில், அகலிகை கதை முதலியன தீட்டப்பெற்றிருந்த ஓவிய மண்டபத்தைப் பரிபாடலின் 19ஆம் பாடல் காட்டுகின்றது. பண்டு 'எழுதுதல்' என்ற சொல்லே ஓவியம் வரைதலையும் குறித்தது. எழுதுகோலாகிய பேனாவினால் கோடிட்டு, அதன்மேல் நீர்த்த வண்ண மை பூசும் முறையை ஈண்டுக் காண்போம். இப்பூச்சினை ஓவியர் 'வாஷ்' என்பர்.

மதுரைச் சான்று

கோடும் நீர்ப்பூச்சும் இணைந்த ஓவியம் மதுரைக்குப் புதிதன்று. 1780களில் இங்கிருந்த மருத்துவர் ஆடம் பிளாக்கேடர், புதுமண்டபத்துத் தூண் சிற்பங்களை உள்ளூர் ஓவியரைக் கொண்டு வரையச் செய்தார். பேனாக் கோட்டிலும் மைப்பூச்சிலும் அமைந்த அவ்வோவியங்கள் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. சிற்பத்தின் விளிம்பைக் கோடு காட்டும். கல்லின் திரட்சியைப் பூச்சு காட்டும். இவ்விரண்டும் தத்தம் தொழிலைச் செய்வதே இக்கலையின் அடிப்படை.

மையின் இயல்பு

மாணவப் பருவத்தில் திருமலை நாயக்கர் மகாலின் தூண் ஒன்றை வழக்கமான எழுதும் மையால் வரைந்தேன். அரைநாள் உழைப்பு. நிழல் காட்ட ஈரத் தூரிகையை வைத்ததும் கோடுகள் அனைத்தும் நீலக் குழம்பாயின. பிழை கையினது அன்று, மையினது. எழுதும் மை பெரும்பாலும் நீரிற் கரைந்த சாயம். உலர்ந்த பின்னும் நீர் பட்டால் கரையும். அரக்குச் சேர்ந்த இந்தியன் இங்க்கோ கரித்தூளாலானது. நன்கு உலர்ந்தபின் நீருக்கு அசையாது. ஆனால் அவ்வரக்கு ஊற்றுப்பேனாவினுள் உறைந்து அதனை அடைத்துவிடும். ஆதலின்தான் மை தொட்டு எழுதும் பழைய பேனா ஓவியர் கையில் இன்றும் நிலைத்திருக்கின்றது. அதன் முள்ளை அழுத்தினால் கோடு தடிக்கும்; தளர்த்தினால் மெலியும். மை உலருமுன் முள்ளைக் கழுவித் துடைத்தல் வேண்டும். புதிய முள்ளின்மேல் உள்ள எண்ணெய்ப் பூச்சையும் முன்னரே நீக்கிவிடல் நன்று.

பூசும் முறை

தாள் தடித்ததாக இருத்தல் வேண்டும். மெல்லிய தாள் நீர் பட்டால் நெளியும். மிகச் சொரசொரப்பானதோ முள்ளைத் தடுக்கும். மையை நீரிற் கலந்து, மூன்று கிண்ணங்களில் மூன்று செறிவுகளாக வைத்துக்கொள்க. வெளிர் நிறத்திலிருந்து தொடங்குக. அடர்த்தியைக் கூட்டலாம், குறைத்தல் அரிது. பலகையைச் சற்றே சாய்த்து, நிறைந்த தூரிகையால் மேலிருந்து கீழாகப் பூசினால் ஈரம் ஒரே சீராக இறங்கும். அடியில் தேங்கும் துளியைப் பிழிந்த தூரிகையால் எடுத்துவிடலாம். மதுரையின் கோடை வெயிலில் பூச்சு விரைந்துலர்ந்து, வேண்டாத இடத்தில் விளிம்பு கட்டும். காலையில் வரைவதும், பூசுமிடத்தை முன்னரே நனைத்துக் கொள்வதும் இதற்கு மாற்று. பூச்சை முதலில் இட்டுப் பின்னர்க் கோடிடுவோரும் உளர். அங்ஙனமாயின் தாள் முற்றும் உலர்தல் வேண்டும்; இன்றேல் கோடு பரவிவிடும்.

சாய வண்ண மைகள் ஒளி ஊடுருவுவன, கண்ணைக் கவர்வன. எனினும் வெயிலில் வெளிறுவன. ஒரு துண்டுத் தாளில் பூசி, பாதியை மறைத்துச் சில வாரம் சன்னலில் வைத்துப் பார்த்தால் உண்மை புலப்படும். நெடுநாள் நிலைக்க வேண்டிய படத்திற்கு நிறமித்தூள் சேர்ந்த மையே ஏற்றது.

எங்கே நிறுத்துவது?

மதுரையில் வளர்ந்த மனோகர் தேவதாஸ் (1936–2022) விழித்திரை நோயால் பார்வை குன்றிவந்த காலத்திலும் பேனா முனையால் மதுரையை வரைந்தார். நுண்கோடுகளின் நெருக்கத்தாலும் நெகிழ்ச்சியாலுமே அவர் ஒளியையும் நிழலையும் காட்டினார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது. கோடே நிழலையும் சொல்லிவிட்ட இடத்தில் பூச்சு மிகையாகும் என்பதை அவர் படங்கள் உணர்த்துகின்றன. கோடு சொல்லாது விட்ட வானின் வெளிறலையும், சுவரின் பழமையையும், மாலை நிழலின் நிறத்தையும் பூச்சுச் சொல்லட்டும்.

அணியின்றியும் அழகுடையதே புனையா ஓவியம். அவ்வழகு முதலில் கைவரப் பெற்றவர்க்கே புனைவும் பொருந்தும். மாணவ நண்பர்கள் ஒரு விடுமுறை நாளில் தாளும் மைப்புட்டியும் ஏந்தி மகாலுக்குச் சென்று முயல்வாராக. அதற்கு முன்னர், மையை ஒரு துளி நீரால் சோதிக்க மறவாதிருப்பாராக.