டீசலை நம்பி நிற்கும் எல்லைக்காவல்: அந்தமானில் முப்படைகளுக்குப் புதிய சோதனை

புது தில்லி:
2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை, கார் நிகோபார் தீவில் உள்ள இந்திய விமானப் படைத் தளத்தை ஆழிப்பேரலை தாக்கியது. கடற்கரையை ஒட்டியிருந்த குடியிருப்புகள் அடித்துச் செல்லப்பட்டன. படை வீரர்களும் அவர்தம் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். போர் ஏதும் நடவாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில், சில நிமிடங்களில் ஒரு படைத்தளம் நிலைகுலைந்தது.

அன்று தாக்கியது நிலநடுக்கத்தின் விளைவே தவிர, பருவநிலை மாற்றத்தின் விளைவு அல்ல. எனினும், கடல் உயர்ந்தால் தீவிலுள்ள படைத்தளத்துக்கு என்ன நேரும் என்பதை அது ஒரே நாளில் காட்டிவிட்டது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் சுமார் 4.25 மீட்டர் தாழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது.

பூகம்பம் நிமிடங்களில் செய்ததைப் பருவநிலை மாற்றம் மெல்ல மெல்லச் செய்கிறது. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1993 முதல் 2017 வரை வட இந்தியப் பெருங்கடலின் நீர்மட்டம் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்துள்ளது. 1951 முதல் 2015 வரையிலான காலத்தில் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 1 டிகிரி செல்சியஸ் கூடியுள்ளது. 3.3 மில்லிமீட்டர் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால், ஏற்கெனவே தாழ்ந்துவிட்ட நிலத்தின் மீது ஏறும் நீர் அது. புயல் அலை அந்த உயரத்தின் மீது ஏறி நின்றே கரையைத் தாக்கும்.

முப்படைக்கும் ஒரே தலைமை

கார்கில் போருக்குப் பின், 2001-ஆம் ஆண்டு அக்டோபரில் உருவாக்கப்பட்டதே அந்தமான் - நிகோபார் கமாண்ட். தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றையும் ஒரே தளபதியின் கீழ் கொண்டுவந்த நாட்டின் முதல் அமைப்பு இதுவாகும். இதன் தலைமையகம், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் உள்ளது. பெரிய நிகோபார் தீவின் கேம்பல் பேயில் 2012 ஜூலையில் 'ஐ.என்.எஸ். பாஸ்' தளமும், வட அந்தமானின் திக்லிபூர் அருகே 2019 ஜனவரியில் 'ஐ.என்.எஸ். கோஹாஸா' தளமும் கடற்படையில் இணைக்கப்பட்டன.

மலாக்கா நீரிணைக்குச் செல்லும் கப்பல் தடத்தின் வாயிலில் இத்தீவுகள் அமைந்துள்ளன. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் 'நக்கவாரம்' என்று குறிக்கப்படுவது நிகோபார் தீவுகளே என்பது வரலாற்றறிஞர்களின் கருத்து. கடாரம் செல்லும் வழியில் இத்தீவுகளுக்கு அன்று இருந்த முக்கியத்துவம் இன்றும் குறையவில்லை.

ஆனால் இந்தக் காவல் அரணுக்குப் பலவீனம் ஒன்று உண்டு. சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இத்தீவுகளுக்கு நாட்டின் மின்தொகுப்புடன் இணைப்பு இல்லை. தேவையான மின்சாரத்தின் பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டர்களிலிருந்து கிடைக்கிறது. அந்த டீசல் கப்பலில்தான் வந்தாக வேண்டும். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து கேம்பல் பேய்க்கு மேலும் 500 கிலோமீட்டருக்கு மேல் கடல் வழி. புயல் வந்து துறைமுகம் மூடப்பட்டால் எரிபொருள் வராது. போர் மூண்டால் எதிரி முதலில் குறிவைப்பது எரிபொருள் கப்பலையே. ஆகவே, டீசலைக் குறைப்பது இங்கு சுற்றுச்சூழலுக்கான சலுகை அன்று, பாதுகாப்புக்கான தேவையாகும்.

நார்கொண்டம் தந்த பாடம்

இந்த உண்மை தில்லியில் உணரப்பட்டதா என்பதற்கு நார்கொண்டம் தீவு விவகாரம் ஒரு சான்று. சுமார் 7 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட இத்தீவில், உலகில் வேறெங்கும் காணப்படாத நார்கொண்டம் இருவாச்சிப் பறவைகள் வாழ்கின்றன. அங்கு ரேடார் நிலையம் ஒன்றையும், அதற்கு மின்சாரம் தர டீசல் மின் அமைப்பையும் நிறுவக் கடலோரக் காவல் படை அனுமதி கோரியது. 2012-இல் மத்திய சுற்றுச்சூழல் துறை அமைச்சராக இருந்த ஜெயந்தி நடராஜன் அதற்கு அனுமதி மறுத்தார். 2014-இல் ஆட்சி மாறியபின் அனுமதி வழங்கப்பட்டது.

நாட்டுப் பாதுகாப்பா, பறவையா என்ற வாதமாகவே அன்று இப்பிரச்சினை பேசப்பட்டது. மனிதக் குடியிருப்பு இல்லாத ஒரு சிறு தீவில், காலமெல்லாம் டீசலைச் சுமந்து சென்று ஒரு ரேடாரை இயக்குவது பாதுகாப்பு நோக்கிலேனும் உகந்ததுதானா என்ற கேள்வி போதிய அளவில் விவாதிக்கப்படவில்லை.

தொடங்கியுள்ள முயற்சிகள்

படைகள் இதில் வாளாவிருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பாதுகாப்புத் துறை நிலையங்களிலும் துணை ராணுவ முகாம்களிலும் 300 மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின் உற்பத்தி செய்யும் திட்டத்துக்கு 2014 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பணிகளுக்கான தனது நிதியில் 1.5 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு ஒதுக்குவதாகக் கடற்படை அறிவித்தது. கேரளத்தின் எழிமலையில் உள்ள கடற்படை அகாதெமியில் 3 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2020-இல் செயல்படத் தொடங்கியது. லடாக்கின் சுசூல் பகுதியில், சூரிய ஒளியையும் ஹைட்ரஜனையும் கொண்டு தரைப்படைக்கு இரவும் பகலும் மின்சாரம் வழங்கும் திட்டத்தைத் தேசிய அனல் மின் கழகத்தின் துணை நிறுவனம் மேற்கொண்டுள்ளது.

அந்தமானிலும் குடிமக்களுக்கான மின் துறையில் முன்மாதிரி உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கும் என்.எல்.சி. இந்தியா நிறுவனமே, தலைநகரை ஒட்டி 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை மின்கலச் சேமிப்பு வசதியுடன் அமைத்துள்ளது. வட அந்தமானின் கல்பாங் நீர்மின் நிலையம் 2001 முதல் 5.25 மெகாவாட் திறனுடன் இயங்கி வருகிறது.

லடாக்கில் சாத்தியமானது நிகோபாரிலும் அப்படியே சாத்தியமாகிவிடும் என்று கருதுவது தவறு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவுகள் இவை. இரு பருவமழைகளின்போதும் வானம் நாள்கணக்கில் மூடியே இருக்கும். உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். நிலத்தின் பெரும்பகுதி காடு என்பதால் மரங்களை வெட்டித்தான் சூரியத் தகடுகளைப் பரப்ப வேண்டும் என்றால் அதில் பொருளில்லை. கூரைகள், ஓடுதள வளாகங்கள், மின்கலச் சேமிப்பு ஆகியவற்றை இணைத்துத் தீவுக்குத் தீவு தனித்திட்டம் வகுப்பதே வழி.

கப்பலும் விமானமும்

முகாம்களின் விளக்குகளுக்குச் சூரிய மின்சாரம் போதும். ஆனால், படைகளின் எரிபொருள் செலவில் பெரும்பங்கு போர்க் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் உரியது. இங்கு மாற்று எளிதன்று. 2018 டிசம்பரில் விமானப்படையின் ஏஎன்-32 ரக விமானம் ஒன்று, 10 சதவீதம் தாவர எண்ணெய் எரிபொருள் கலந்து பறந்தது. டேராடூனில் உள்ள இந்திய பெட்ரோலிய ஆய்வுக் கழகம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து அதனை உருவாக்கியது. 2016 ஜூலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் சென்ற வழியில் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்ததும் இதே ரக விமானமே. தமிழகத்தையும் தீவுகளையும் இணைக்கும் வான்பாலமாக விளங்கும் இவ்விமானங்களுக்குப் புதிய எரிபொருள் முழு அளவில் கிடைக்க நெடுங்காலம் ஆகும்.

இதற்கிடையே படைகளின் பணிச்சுமையோ கூடிக்கொண்டே போகிறது. 2008-இல் மியான்மரை நர்கீஸ் புயல் சிதைத்தபோது, போர்ட் பிளேரிலிருந்தே ஐ.என்.எஸ். ராணா, ஐ.என்.எஸ். கிர்பான் ஆகிய கப்பல்கள் நிவாரணப் பொருள்களுடன் யாங்கூன் விரைந்தன. 2016 டிசம்பரில் ஹேவ்லாக் தீவில் கடும் மழையிலும் காற்றிலும் சிக்கிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகளைக் கடற்படையும் கடலோரக் காவல் படையும் விமானப்படையும் மீட்டன. அந்தக் காற்றழுத்தமே பின்னர் 'வர்தா' புயலாக வலுப்பெற்று, டிசம்பர் 12-ஆம் தேதி சென்னையை உலுக்கியது. புயல் வலுக்க வலுக்க மீட்புப் பயணங்கள் பெருகும். பயணங்கள் பெருகினால் எரிபொருள் பெருகும்.

கணக்கில் வராத புகை

படைகள் வெளியிடும் கரியமில வாயு எவ்வளவு? உலகெங்கும் இதற்குத் தெளிவான விடை இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. 1997-இல் கியோட்டோ உடன்பாட்டின்போது, அமெரிக்காவின் வற்புறுத்தலால் சர்வதேச ராணுவ நடவடிக்கைகளுக்கான எரிபொருள் நாடுகளின் கணக்கிலிருந்து விலக்கப்பட்டது. 2015-இன் பாரிஸ் உடன்பாடு அந்த விலக்கைத் தொடரவில்லை என்றாலும், கணக்குக் காட்டுவதை அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. உலகப் படைகளின் பங்கு மொத்த வெளியேற்றத்தில் சுமார் 5.5 சதவீதம் இருக்கலாம் என 2022-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அதே ஆண்டு, 2050-க்குள் தனது அமைப்பின் நிகர வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்குவதாக நேட்டோ அறிவித்தது. அமெரிக்க ராணுவத் தலைமையோ 2025-இல் பருவநிலைத் திட்டங்களைக் கைவிடத் தொடங்கியது.

கைவிட்டாலும் கடல் கைவிடுவதில்லை. 2018 அக்டோபரில் மைக்கேல் புயல் ஃபுளோரிடாவின் டின்டால் விமானத் தளத்தைச் சிதைத்தது. 2024 ஜனவரியில் பசிபிக் கடலின் குவாஜலீன் பவளத் தீவில் உள்ள அமெரிக்க ராணுவ நிலையத்துக்குள் பேரலைகள் புகுந்தன.

இந்தியா 2070-க்குள் நிகர பூஜ்ய நிலையை எட்டுவதாக 2021-இல் கிளாஸ்கோவில் உறுதியளித்துள்ளது. ஆனால் அதில் முப்படைகளின் பங்கு எவ்வளவு என்பது தனியே காட்டப்படுவதில்லை. கப்பல்களின் நடமாட்டத்தை வெளியிட வேண்டாம். ஆண்டு மொத்தக் கணக்கை நாடாளுமன்றத்தின் முன் வைப்பதால் எந்த ரகசியமும் கெட்டுவிடாது.

காடும் ஓர் அரணே

இறுதியாக, பெரிய நிகோபார். கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பரிமாற்றத் துறைமுகம், ராணுவத்துக்கும் பொதுமக்களுக்கும் பயன்படும் விமான நிலையம், நகரியம், எரிவாயு - சூரிய மின் நிலையம் ஆகியவற்றைக் கொண்ட மாபெரும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. இதற்காகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் வனநிலம் ஒதுக்கப்பட்டுள்ளது. 9.64 லட்சம் மரங்கள் பாதிக்கப்படலாம் என அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஈடாக மரம் வளர்க்கத் திட்டமிடப்பட்ட இடங்களுள் ஒன்று ஹரியாணா. அனுமதியின் சில அம்சங்களை மறுஆய்வு செய்ய 2023 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது.

மலாக்கா வாயிலில் இந்தியா வலுவாக நிற்க வேண்டும் என்பதில் இரு கருத்து இல்லை. ஆனால், உலகின் மிகப் பெரிய கடலாமையான ஏழுவரி ஆமை முட்டையிடும் இந்த விரிகுடா, ஆழிப்பேரலையால் சிதைந்த கரைகளுள் ஒன்று. அலையாத்திக் காடுகளும் பவளப்பாறைகளும் கடலின் வேகத்தைத் தணிக்கும் இயற்கை அரண்கள் என்பதை, 2004-இல் பிச்சாவரம் பகுதியைக் கண்ட தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஹரியாணாவில் நடப்படும் மரம் நிகோபாரின் கரையைக் காக்காது.

தீவுகளில் இனி கட்டப்படும் ஒவ்வொரு தளத்துக்கும் மூன்று வினாக்களுக்கு முன்கூட்டியே விடை காணப்பட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து அது எவ்வளவு உயரத்தில் நிற்கும்? எரிபொருள் கப்பல் வராவிட்டால் எத்தனை நாள் தாங்கும்? அதைக் காக்கும் காடும் பவளப்பாறையும் எஞ்சியிருக்குமா? கார் நிகோபாரில் மாண்டவர்கள் இந்த வினாக்கள் எழும் முன்பே மாண்டவர்கள். இனியும் கேளாதிருக்க நமக்கு நியாயம் ஏதுமில்லை.