கூலண்ட் ஊற்ற ஊற்ற குறையுதா? பழைய கார் ‘ஹீட்’ ஆவது ஏன்... எங்கே பார்க்க வேண்டும்?

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய கார் வைத்திருக்கும் பலருக்கு, வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது பழகிப்போன வேலை. “பழைய வண்டி, தண்ணி குடிக்கத்தான் செய்யும்” என்று சமாதானம் வேறு சொல்லிக்கொள்வார்கள். ஆனால் எந்தக் காரும் தண்ணி குடிக்காது. கூலண்ட் சுற்றி வருவது மூடிய பாதையில். பெட்ரோல் மாதிரி அது எரிந்து தீர்வதில்லை. ரிசர்வ் டேங்கில் வருடத்துக்குக் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை. மாதத்துக்கு மாதம் மினிமம் கோட்டுக்குக் கீழே போகிறது என்றால் எங்கோ வெளியேறுகிறது.

எங்கே போகிறது என்பதற்கு மூன்றே பதில்தான். வெளியே ஒழுகுகிறது, காருக்குள் ஒழுகுகிறது, இல்லையென்றால் இன்ஜினுக்குள்ளேயே போகிறது. முதலாவது என்றால் ஒரு ஹோஸ், ஒரு கிளாம்ப் செலவோடு முடிந்துவிடலாம். மூன்றாவதைக் கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜின் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். பழைய காரில் அந்தச் செலவு, காரை விற்றால் கிடைக்கும் விலையோடு போட்டி போடும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதீங்க

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பாதி தண்ணீர், பாதி கூலண்ட் கலந்தால் கொதிநிலை சில டிகிரி கூடும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் அது 120 டிகிரியையும் தாண்டிவிடும். சூடான இன்ஜினில் மூடியைத் திருகினால் அந்த அழுத்தம் நொடியில் போய், உள்ளே இருப்பது மொத்தமாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். எல்லாச் சோதனையையும் காலையில், வண்டி எடுப்பதற்கு முன் செய்வதுதான் சரி.

சின்ன மூடி, பெரிய வேலை

பலர் கடைசியில் பார்க்கும் இந்த மூடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதில் இரண்டு வால்வுகள் உண்டு. சூட்டில் கூலண்ட் விரியும்போது ஒன்று திறந்து, அதிகமானதை ரிசர்வ் டேங்குக்கு அனுப்பும். இன்ஜின் ஆறியதும் இன்னொன்று திறந்து, அதைத் திரும்ப ரேடியேட்டருக்குள் இழுத்துக்கொள்ளும். ரப்பர் சீல் காய்ந்துபோனால் அனுப்பும் வேலை நடக்கும், இழுக்கும் வேலை நடக்காது. டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். டேங்கை மட்டும் பார்த்துவிட்டு ‘கூலண்ட் இருக்கே’ என்று கிளம்புபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதனால் ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து ரேடியேட்டருக்குள்ளும் ஒரு தடவை பாருங்கள். புது மூடி வாங்கும்போது, பழையதில் எழுதியிருக்கும் அதே அழுத்த அளவு இருக்க வேண்டும். சில கார்களில் அழுத்த மூடி டேங்க் மேலேயே இருக்கும்.

தரையில் ஈரம்... எல்லாம் கூலண்ட் இல்லை

இரவில் இன்ஜினுக்குக் கீழே ஒரு அட்டையை விரித்து வைத்தால் காலையில் விஷயம் தெரியும். நிறமில்லாத, வாசனையில்லாத தண்ணீர் என்றால் அது ஏசி தண்ணீர், பயப்பட வேண்டாம். பச்சை, சிவப்பு என நிறம் இருந்து, தொட்டால் வழவழப்பாக இருந்தால் கூலண்ட். இன்ஜின் சூட்டில் சொட்டு காய்ந்துவிட்டால் தரைக்கே வராது. அப்போது ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரங்களில் படிந்த உப்புப் போன்ற கறையைத் தேட வேண்டும். வாட்டர் பம்ப் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அங்கே கறை தெரிந்தால் பம்ப் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், மெக்கானிக்கிடம் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். காருக்குள் ஒழுகினால் முன் சீட் கால்மிதி ஈரமாகும், கண்ணாடியில் எண்ணெய் மாதிரி படலம் படியும், லேசான இனிப்பு வாசனை வரும். ஹீட்டர் பக்கம் ஓட்டை.

ஒரு விஷயம்: பெரும்பாலான கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். தரையில் சிந்தியதை அப்படியே விடாதீங்க. நாய், பூனை நக்கிவிடும்.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனாலும் குறையுது

ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டிய இடம் இது. வண்டி நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை, காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே கல் மாதிரி இறுகும் மேல் ஹோஸ், ரேடியேட்டரில் நிற்காமல் வரும் குமிழ்கள், பால் கலந்த மாதிரி ஆயில். இவையெல்லாம் அடையாளங்கள். ஆயில் மூடியில் மட்டும் லேசாக வெண்மை தெரிந்தால் உடனே முடிவு கட்ட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரத்தாலும் அப்படி வரும். கூலண்டில் எரிவாயு கலந்திருக்கிறதா என்று பார்க்க நீல நிறத் திரவச் சோதனை இருக்கிறது. நீலம் மஞ்சளாக மாறினால் கேஸ்கட் போயிருக்கலாம், ஹெட்டில் விரிசலும் இருக்கலாம். ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

கூலண்ட் குறையவே இல்லை, ஆனால் ஹீட் ஏறுகிறதா? எப்போது ஏறுகிறது என்று கவனிங்க. டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் என்றால் ரேடியேட்டர் ஃபேன், அதன் ரிலே. ஹைவேயில் வேகமாகப் போகும்போது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் அல்லது சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட்.

இந்த தெர்மோஸ்டாட்டை “நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை” என்று கழற்றி எறியும் வழக்கம் உண்டு. அதனால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் அதிகம் குடிக்கும். சில இன்ஜின்களில் கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, ஹீட் இன்னும் ஏறும். ஓட்டையை அடைக்க மஞ்சள்தூள் போடுவதும் அப்படித்தான். ஊர் போய்ச் சேரலாம், ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் சேர்ந்தே அடைபடும். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பும் துருவும் அதே வேலையைச் செய்யும்.

வழியில் முள் ஏறினால்?

70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலை மாதிரி ஏற்றத்தில், சின்ன ஓட்டைகூட வெளியே வந்துவிடும். குறைந்த கியர், அதிக பாரம், முன்னால் வரும் காற்றும் குறைவு. முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு சூட்டில் வைத்து, ஓரங்கட்ட இடம் தேடுங்கள். நிறுத்தி இன்ஜினை அணைத்து, குறைந்தது அரை மணி நேரம் ஆற விட வேண்டும். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம்.

ஏறிய முள் திடீரென்று ‘சி’ பக்கம் விழுந்தால் சூடு தணிந்துவிட்டது என்று நம்பி ஓட்டாதீங்க. கூலண்ட் மொத்தமும் போய், சென்சாரைச் சுற்றி வெறும் காற்று இருந்தாலும் முள் அப்படித்தான் இறங்கும். அந்த நிலையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் டோயிங் வண்டியைக் கூப்பிடுவதுதான் செலவு குறைவான வழி.