பச்சைப் புள்ளிகள்

போன வாரம் காலையில் வெல்டிங் பட்டறைப் பையன் ஒருவன் வந்தான். கண் திறக்க முடியவில்லை. ஆரஞ்சுச் சாயக் காகிதத்தை நனைத்து இமையோரம் தொட்டுவிட்டு, நீல விளக்கில் பார்த்தேன். கருவிழி முழுக்கப் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொன்றும் செத்துக் கழன்ற செல்லின் இடம்.

"எத்தனை டாக் வெல்டு அடிச்சே, முகமூடி இல்லாம?"

"பத்துப் பதினஞ்சு இருக்குங்கக்கா. சாயங்காலம் ஒண்ணுமே தெரியலைங்க. ராத்திரிதான் மண்ணை அள்ளிக் கொட்டின மாதிரி..."

என் அப்பாவும் கோவையில் கிரில் பட்டறை வைத்திருந்தவர். நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து, "லைட்டை அணை சாமி" என்பார். எரிச்சல் ஏன் இத்தனை மணி நேரம் தாமதித்து வருகிறது என்பது கண் பரிசோதனை படித்த பிறகே எனக்குப் புரிந்தது.

கருவிழிப்படலம் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். ரத்தக் குழாய் கிடையாது. ஆக்சிஜனைக் கண்ணீர் வழியே காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதில் வெல்டிங் வெளிச்சத்தின் புறஊதாக் கதிர் பாய்ந்தால் சூப்பராக்சைடு என்ற முரட்டு மூலக்கூறு கிளம்பும். அதைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுவது சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி. 1969-இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் கண்டறிந்தது இது. பெராக்சைடும் நஞ்சுதான். அதைத் தண்ணீராக்க கேட்டலேஸும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸும் இருக்கின்றன. புண்ணில் பெராக்சைடு ஊற்றினால் நுரைக்கிறதே, அது கேட்டலேஸின் வேலை. இவை போக, ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் என்றொரு நொதி கருவிழியில் குவிந்து கிடக்கிறது. கதிரைத் தானே வாங்கிக்கொள்ளும். கதிரால் கெட்டுப்போன கொழுப்பிலிருந்து வரும் நஞ்சையும் முறிக்கும். எனக்கு மிகப் பிடித்த நொதி இதுதான்.

ஆனால் இவையும் தீரும். முயல்களின் கண்ணில் பி வகைப் புறஊதாக் கதிரைத் திரும்பத் திரும்பப் பாய்ச்சிய செக் நாட்டு ஆய்வாளர்கள், காக்கும் நொதிகள் குறைந்துபோனதைக் கண்டார்கள். காவல் விழுந்த பிறகு செல்கள் உடனே சாவதில்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் மெல்ல உதிர்கின்றன. அப்போதுதான் அடியிலுள்ள நரம்பு நுனிகள் வெளியே தெரிகின்றன. வலி உயிரை எடுக்கிறது.

பட்டறையில் யாரோ கொடுத்த மரமரப்புச் சொட்டு மருந்தைப் பையன் சட்டைப் பையில் வைத்திருந்தான். வாங்கி வைத்துக்கொண்டேன். வலி தெரியாமல் போகும். அதோடு புது செல்கள் வளர்வதும் தடைபடும். கண்ணில் தாய்ப்பால் விடவும் வேண்டாம், கிருமி சேரும் என்று கூட வந்திருந்த அவன் அம்மாவிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் வந்தான். அதே சாயம், அதே நீல விளக்கு. ஒரு புள்ளிகூட இல்லை.